நேர்காணல் முடிந்து 47 நாள் ஆகிறது. அம்மாவிடம் என்ன சொல்வது?

தேரடி_வீதி
ஞாயிறு, இரவு 11:20

வணக்கம். பல மாதமாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது, பி.காம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நாலு வருடம் டாக்குமென்டேஷன் பார்த்தேன். ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, கேட் பாஸ், யார்டு ரிப்போர்ட் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆடி மாதம் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐந்து மாதமாகத் தேடுகிறேன். ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறேன்: 112 இடத்துக்கு விண்ணப்பம். 9 இடத்திலிருந்து போன். 4 நேர்காணல். "உங்களை எடுக்கவில்லை" என்று வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு நிறுவனம்.

அந்த நாலாவது நேர்காணல்தான் என்னைப் போட்டு வாட்டுகிறது. முதலில் போன், அப்புறம் வீடியோ, மூன்றாவது சுற்று நேரில். தேரடியில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கினேன். மேனேஜர் ஒரு மணி நேரம் பேசினார். பழைய சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். "இரண்டு நாளில் மெயில் வரும்" என்று சொல்லி லிஃப்ட் வரைக்கும் வந்து அனுப்பினார்கள். இன்றோடு 47 நாள். இரண்டு மெயில் போட்டேன். எச்.ஆர் நம்பருக்கு ஒரு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது.

அம்மா கோயில் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அன்று வந்த சந்தோஷத்தில் "கிட்டத்தட்ட கிடைச்ச மாதிரிதான்மா" என்று நான்தான் சொன்னேன். அம்மா அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டார். மார்கழி என்பதால் விடியற்காலையிலேயே கூட்டம். பார்சல் வாங்குகிறவர்கள் "பொண்ணு வேலையில சேர்ந்துட்டாளா?" என்று கேட்கிறார்கள். அம்மா சாம்பாரைக் கவரில் ஊற்றி, கவரின் வாயில் நூலைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பார். நான் சட்னி வாளிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன் கல்லாப்பெட்டி மேல்தான் இருக்கும். வெளிச்சம் வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்போம். ஏதாவது லோன் விளம்பரமாக இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன். அம்மாவிடமும் "கிடைக்கலம்மா" என்று சொல்லியிருப்பேன். அம்மாவும் அதைக் கடையில் சொல்லியிருப்பார், முடிந்திருக்கும். இப்போது சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. "இன்னும் சொல்லலம்மா" என்று 47 நாளாகச் சொல்லிச் சொல்லி, நான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

கும்மிடிப்பூண்டி_லோக்கல்
திங்கள், காலை 6:05

தங்கச்சி, ரயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொருக்குப்பேட்டையில் ஏறினால் சிப்காட் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் இதை இரண்டு தடவை படித்தேன்.

நான் ஐ.டி.ஐ ஃபிட்டர். எங்கள் பக்கம் மெயிலே கிடையாது, கான்ட்ராக்டர் போன்தான். "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்பார். அந்த நாளை வராது. நான் ஒரு தடவை 20 நாள் அந்த மாதிரி காத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு ஆள் உள்ளே போகிற நேரத்தில் கம்பெனி கேட்டிலேயே போய் நின்றேன். செக்யூரிட்டி சொன்னார், "அந்த வேலைக்குப் போன வாரமே ஆள் வந்துட்டாங்கப்பா" என்று. கோபம் வரவில்லை. பசி வந்தது. கவரைப்பேட்டையில் இறங்கி நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதனால் சொல்கிறேன், நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்று தெரிந்தாலும் தெரிந்த மாதிரி ஆகும்.

*

தண்டையார்பேட்டை_24
திங்கள், காலை 10:30

என் கருத்து வேறு. 47 நாள் ஆன இடத்துக்கு எதற்கு நேரில் போக வேண்டும்? ஐந்து மாதத்தில் 112 விண்ணப்பம் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றுகூட வரவில்லை. நான் ஒரு நாளைக்கு 20 போட்டேன், மூன்று மாதத்தில் வேலை கிடைத்தது. ஒரே இடத்தை நினைத்துக்கொண்டு இலவு காத்த கிளி மாதிரி உட்கார்ந்திருந்தால் மனசுதான் கெடும். கடுமையாகத் தெரிந்தால் மன்னிக்கவும். எனக்கும் அந்த நேரத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

தேரடி_வீதி
திங்கள், மதியம் 2:15

கடுமை இல்லை அண்ணா, அக்கறை தெரிகிறது. ஆனால் 20 போடுகிற நாளிலும் இந்த ஒன்று போக மாட்டேன் என்கிறது. அந்த லிஃப்ட் வரை வந்தார்கள் பாருங்கள், அதுதான்.

*

மாதவரம்_வேப்பமரம்
திங்கள், இரவு 9:50

நான் 9 வருடமாக ஆள் எடுக்கிற வேலையில்தான் இருக்கிறேன். இதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது சுற்று முடிந்து, சம்பளச் சீட்டும் வாங்கிய பிறகு பேச்சு நின்றுபோனால், பெரும்பாலும் நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். நம் ஊரில் பல நிறுவனங்களில் பழைய வேலையை விடுவதற்கான நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று இருக்கிறது. அந்த இடைவெளியில் அவர் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவிடுவதும் நடக்கும். அந்தப் பயத்தில் மேனேஜர் சொல்வார், "அந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு சொல்லிடாதே, கையில வெச்சுக்கோ" என்று. எங்களால் சரி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. போனை எடுத்தால் பொய் சொல்ல வேண்டும். அதனால் எடுக்காமல் விடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். திரையில் அந்தப் பெயர் ஓடி ஓடி நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது தப்பு, தெரியும்.

இன்னொன்று, வேலையே நின்றுபோவது. மார்ச்சில் கணக்கு முடிக்கிற நிறுவனங்களில் கடைசி மூன்று மாதம் புதிதாக ஆள் எடுக்காதே என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். விளம்பரம் மட்டும் இணையத்தில் அப்படியே கிடக்கும், அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சில சமயம் உங்களை எடுக்க நினைத்த மேனேஜரே வேலையை விட்டுப் போயிருப்பார்.

நேர்காணலுக்கே கூப்பிடாத மற்ற இடங்களின் கதை வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பாதிக்கு உங்கள் ரெஸ்யூமே மனிதக் கண்ணுக்குப் போயிருக்குமா என்பதே சந்தேகம். இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் கட்டி, போட்டோ ஒட்டி அழகாகச் செய்த ரெஸ்யூமேயைச் சில மென்பொருள்கள் தாறுமாறாகப் படிக்கும். எழுத்து மட்டும், மேலிருந்து கீழாக, சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். சில கன்சல்டன்சிகள் கையில் வேலையே இல்லாமல் ரெஸ்யூமே சேர்ப்பதற்காக மட்டும் விளம்பரம் போடுவதும் உண்டு.

இப்போது உங்கள் விஷயம். இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்கள், ஆனால் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "என் நேர்காணல் என்ன ஆனது" என்று கேட்டால் பதில் சொல்கிறவருக்குச் சங்கடம். "அந்த இடம் நிரம்பிவிட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும். நிரம்பியிருந்தால் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்வேன்" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்வதை அவர்களுக்குச் சுலபமாக்குங்கள். எச்.ஆர் செல்போனுக்கு அடிக்காதீர்கள். அலுவலக நம்பருக்கு அடித்து, நேர்காணல் எடுத்த மேனேஜரைக் கேளுங்கள். திங்கள் காலை வேண்டாம். நாளை மறுநாள் போகி, அதற்கப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள். பொங்கல் முடிந்து அடுத்த செவ்வாய், பதினொரு மணி போல அடியுங்கள்.

அதிலும் பதில் வரவில்லை என்றால் அந்த வாரக் கடைசியில் நோட்டை எடுத்து, நீங்களே "இல்லை" என்று எழுதி மூடிவிடுங்கள். அவர்கள் கொடுக்காத பதிலை நீங்களே கொடுத்துக்கொள்ளலாம். ஒருவேளை அப்புறம் கூப்பிட்டால் அது புது வேலை, புதுக் கணக்கு.

*

தேரடி_வீதி
திங்கள், இரவு 11:40

அக்கா, "இரண்டாவது ஆள்" என்பதை அரை மணி நேரமாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 47 நாளாக நான் என்ன தப்பாகப் பேசினேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளம் பற்றிக் கேட்டபோது தடுமாறினேனோ, சம்பளம் ஐநூறு கூடக் கேட்டுவிட்டேனோ என்று. இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருமே சொன்னதில்லை. செவ்வாய் அடிக்கிறேன்.

*

வியாசர்பாடி_39
செவ்வாய், காலை 8:20

மேடம் சொன்ன காரணங்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதை நான் சொல்கிறேன். விலாசம். வியாசர்பாடி மாதிரி வடசென்னைப் பகுதி என்றாலே சிலருக்கு ஒரு தப்பான எண்ணம்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு நேர்காணல். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் ரெஸ்யூமேயின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "வியாசர்பாடியா?" என்று. ஆமாம் சார் என்றேன். "அங்கே எல்லாம் எப்படி?" என்றார். என்ன எப்படி? எங்கள் தெருவில் இரண்டு வக்கீல், ஒரு நர்ஸ், மாநில அளவில் கேரம் ஆடுகிற பையன் எல்லாம் இருக்கிறார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கும் சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கிருந்து சத்தமே இல்லை.

அடுத்த ரெஸ்யூமேயில் விலாசத்தைப் பெரம்பூர் என்று மாற்றினேன். என் சித்தி வீடு அங்கேதான். அடுத்த மாதமே மூன்று போன் வந்தது. விலாசத்தால்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வேறு எதையும் நான் மாற்றவில்லை.

*

கும்மிடிப்பூண்டி_லோக்கல்
செவ்வாய், காலை 8:45

தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் மாற்றக் கூடாது என்பது என் எண்ணம். நாமே பெயரை மறைத்தால் அந்தப் பெயர் அப்படியே கெட்ட பெயராகவே இருந்துவிடும். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவனும், அனல் மின் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவனும், இந்த ஊர் சாப்பிடுகிற மீனைப் பிடிக்கிறவனும் எங்கே குடியிருக்கிறான்?

*

வியாசர்பாடி_39
செவ்வாய், காலை 9:10

அண்ணா, பெருமையை நானும் விடவில்லை. வேலை கிடைத்த பிறகு ஆதார் கார்டில் இருக்கிற விலாசத்தைத்தான் கொடுத்தேன், அதில் வியாசர்பாடி என்றுதான் இருக்கிறது. உள்ளே நுழைகிற வரைக்கும் மறைத்தேன். வீட்டு வாடகை எட்டாயிரம், அப்பாவுக்கு டயாலிசிஸ். அந்த நேரத்தில் ஊரின் பெயரை நான் ஒருவனே தூக்கி நிறுத்த முடியாது.

*

மாதவரம்_வேப்பமரம்
செவ்வாய், மதியம் 1:05

தம்பி சொல்வது நடக்கிறது. இல்லை என்று நான் சொன்னால் அது பொய். விலாசத்தை மாற்ற வேண்டாம், எடுத்தே விடுங்கள். "சென்னை" என்று மட்டும் இருந்தால் போதும். தெருப் பெயர், பின்கோடு, அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா எதுவுமே ரெஸ்யூமேயில் தேவை இல்லை. வேலை கொடுத்த பிறகு கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். நேரத்துக்கு வர முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டால், மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் 2021-இலேயே வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.

*

பெரம்பூர்_பழைய_ஆள்
செவ்வாய், இரவு 8:30

எனக்கு 61 வயது. பேத்திதான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். வேலை தேடுகிற கட்டம் எனக்கு முடிந்துவிட்டது. ஆனால் இந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா இந்தப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டினார். மில் நின்றது. மூடிவிட்டோம் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் திறக்கும், பேச்சுவார்த்தை நடக்கிறது, தீபாவளிக்குள் முடிவு தெரியும் என்று வருடக்கணக்கில் ஓடியது. அப்பா தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போவார். பூட்டைப் பார்த்துவிட்டு எதிரே டீக்கடையில் உட்காருவார். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் முதல் மாதமே கணக்கை முடித்துக்கொண்டு ரிக்‌ஷா ஓட்டவோ மார்க்கெட்டில் மூட்டை தூக்கவோ போனார்கள். உடம்பு தேய்ந்தது, ஆனால் மனுஷன் மனுஷனாக இருந்தான். அப்பா கேட்டை விட்டு வரவே இல்லை. அவரிடம் ஒரு எச்.எம்.டி வாட்ச் இருந்தது. சாவி கொடுக்கிற வாட்ச். ஷிஃப்டுக்காக வாங்கியது. எப்போது அதைக் கட்டுவதை விட்டார் என்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் பீரோவைத் துடைக்கும்போது பார்த்தேன், ஏதோ ஒரு இரண்டே காலில் நின்றிருந்தது.

மகளே, கேட்டில் நிற்காதே.

*

சமூகப்பணி_படிக்கிறேன்
செவ்வாய், இரவு 10:15

ஐயா, அந்த வாட்ச் விஷயத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பாடத்தில் ஒரு ஆய்வு வருகிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு நூல் ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலையை மூடிவிட்டார்கள். மரீ யஹோடா என்ற உளவியலாளரும் கூட வேலை செய்த ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்து, 1933-இல் அதை வெளியிட்டார்கள். வேலை போனால் ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்றுதான் அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு. ஜனங்கள் அடங்கிப்போயிருந்தார்கள். தெருவில் ஆண்கள் நடக்கிற வேகம் குறைந்திருந்தது, வழியில் நின்று நின்று போனார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள்.

சம்பளம் போனால் பணம் மட்டும் போவதில்லை என்று யஹோடா சொன்னார். இத்தனை மணிக்கு எழ வேண்டும், இத்தனை பேரைப் பார்க்க வேண்டும், நான் இல்லாவிட்டால் ஒரு வேலை நின்றுவிடும் என்பதெல்லாமும் சேர்ந்து போகிறது என்றார்.

தேரடி அக்கா, உங்களுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கிற ஒரு கடை இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் போனைக் கல்லாப்பெட்டி மேலிருந்து எடுத்துவிடுங்கள். கடை நடக்கிற நேரம் அது உள்ளே பைக்குள் இருக்கட்டும். எந்த அலுவலகமும் காலை ஆறு மணிக்கு ஆஃபர் அனுப்பாது.

*

கொடுங்கையூர்_ராத்திரி
புதன், நள்ளிரவு 2:50

14 மாதமாக வேலை இல்லை. கடைசியாக யார் எனக்குப் பதில் போட்டார்கள் என்பதே மறந்துவிட்டது. இப்போது விண்ணப்பிப்பதையும் நிறுத்திவிட்டேன். பகலில் தூக்கம், ராத்திரியில் இப்படி. வெளியே போனால் யாராவது கேட்பார்கள் என்று போவதில்லை. இதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

*

சமூகப்பணி_படிக்கிறேன்
புதன், காலை 6:30

எழுதினீர்களே, நல்லது. பதில் வராத இடமாக இது இருக்கக் கூடாது என்று எழுந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண். அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். ராத்திரி 2:50-க்கும் எடுப்பார்கள். பெரிதாக ஏதாவது ஆன பிறகுதான் அடிக்க வேண்டும் என்று இல்லை, தூக்கம் வரவில்லை என்று சொன்னாலே போதும். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் அடிக்கலாம். அடித்த பிறகு இங்கே ஒரு வார்த்தை போடுங்கள் அண்ணா. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

*

கும்மிடிப்பூண்டி_லோக்கல்
புதன், காலை 6:40

கொடுங்கையூர் நண்பா, நான் எருக்கஞ்சேரி. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வர முடியுமா? வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தனிச் செய்தியில் நம்பர் போட்டிருக்கிறேன்.

*

எண்ணூர்_கடற்கரை
புதன், பகல் 11:15

நடுவில் ஒரு கேள்வி. ஒரு கன்சல்டன்சி என்னிடம் 3,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறது. கட்டினால் ஒரு வாரத்தில் கட்டாயம் பதில் வரும் என்கிறார்கள். கட்டலாமா?

*

மாதவரம்_வேப்பமரம்
புதன், பகல் 11:25

கட்டாதீர்கள். ஆள் தேடித் தருவதற்குக் கட்டணம் நிறுவனம் கொடுப்பது, வேலை தேடுகிறவர் கொடுப்பது இல்லை. ஏற்கனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் சொல்லுங்கள். காத்திருந்து காத்திருந்து நொந்தவர்கள் "கட்டாயம் பதில் வரும்" என்ற வார்த்தைக்கே காசு கொடுக்கத் தயாராகிவிடுவார்கள் என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கிற தனியார் துறை முகாமுக்குப் போய்ப் பாருங்கள். எல்லா வேலையும் பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

*

ராயபுரம்_டூ_டொராண்டோ
புதன், இரவு 7:45

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பொதுவில் விளம்பரம் போட்டு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். நானும் இங்கே வந்த புதிதில் ஒன்றரை வருடம் இதே மாதிரி பதில் இல்லாமல் அலைந்தவன்தான். சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரியின் 47 நாள் இங்கே என்றால் அது விதிமீறல். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கேட்க வேண்டும். தொழிற்சங்கம் பிறந்து வளர்ந்த இடம் வடசென்னை, நாம் கேட்காமல் யார் கேட்பது?

*

தம்பு_செட்டித்_தெரு
வியாழன், இரவு 9:00

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நான் பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 22 வருடமாக இருக்கிறேன். பாப்பா, நீ யார்டு டாக்குமென்டேஷன் நாலு வருடம் பார்த்திருக்கிறாய். இங்கே எங்கள் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் இருக்கிற சின்ன ஆபீஸ்கள் இணையத்தில் விளம்பரம் போடுவது அபூர்வம். "ஷிப்பிங் பில் போடத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். நீ போட்ட 112-இல் இப்படி ஒரு ஆபீஸ்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனி சம்பளம் கிடைக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலையில் இருந்துகொண்டே கஸ்டம்ஸ் நடத்துகிற ஜி கார்டு தேர்வு எழுதித் தேறிவிட்டால், அப்புறம் இந்தத் தொழிலில் உன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ரெஸ்யூமேயைக் கையில் எடுத்துக்கொண்டு வா.

*

கொடுங்கையூர்_ராத்திரி
சனி, மாலை 5:30

அடித்தேன். ஒரு அம்மா பேசினார்கள், இருபது நிமிடம். நாளை எருக்கஞ்சேரி டீக்கடை.

*

தேரடி_வீதி
செவ்வாய், இரவு 10:05

இன்று பதினொரு மணிக்கு அடித்தேன். வேப்பமரம் அக்கா சொன்ன மாதிரி அலுவலக நம்பருக்கு, அதே வார்த்தைகளில். ரிசப்ஷனில் இணைப்பு கொடுத்தார்கள். மேனேஜரே எடுத்தார். என் பெயரைச் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், "அந்த இடத்துக்கு எங்கள் வேறு கிளையிலிருந்தே ஒருவரை மாற்றிக்கொண்டோம்மா. டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன்?" என்று. மன்னிப்பும் கேட்டார். நான் நன்றி சார் என்று வைத்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கை மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கியது.

அம்மா பின்னால் மாவுக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். "கிண்டி வேலை இல்லையாம்மா, வேற ஆள் போட்டுட்டாங்க" என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, நான்தான் கடையில எல்லார்கிட்டயும் சொல்லி கண்ணு பட வெச்சுட்டேனோன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன்டி" என்றார். இரண்டு மாதமாக நான் ஒரு பக்கம் என்னைத் தின்றுகொண்டிருந்தேன், அம்மா ஒரு பக்கம் தன்னைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நோட்டில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இன்னும் பதில் வராத மற்ற இடங்களுக்கும் பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். அந்தத் தேதி வந்தால் நானே "இல்லை" எழுதிவிடுவேன். கடை நேரத்தில் போன் இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. பெரம்பூர் ஐயா, உங்கள் அப்பாவின் வாட்ச் பற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பேத்திக்கும் சொல்லுங்கள்.

தம்பு செட்டித் தெரு ஐயா, ரெஸ்யூமே 15 காப்பி எடுத்துவிட்டேன். ஒரே பத்தி, போட்டோ இல்லை, விலாசம் இல்லை. நாளைக்கு வரலாமா? ஆபீஸ்கள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

*

தம்பு_செட்டித்_தெரு
செவ்வாய், இரவு 10:20

பத்து மணிக்குத் திறப்பார்கள். நீ பத்தேகாலுக்கு வா. பதினொரு மணிக்கு மேல் வந்தால் எல்லோரும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்குக் கிளம்பியிருப்போம். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பழைய யார்டில் நீ போட்ட ஷிப்பிங் பில் எல்லாம் எந்தச் சரக்குக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வா, முதலில் அதைத்தான் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு வா.